கடவுள் கட்டளையா, மனிதர் விருப்பமா: அறம் எதன்மேல் நிற்கும்?

அம்மாவின் கடைசி வாரத்தில், செயற்கை சுவாசக் குழாய் பொருத்தலாமா என்று டாக்டர் கேட்டார். உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்கணும், கடைசிவரை பார்த்துவிடுவோம் என்றார் அண்ணன். "குழாயோட கிடக்க விட்டுடாதீங்கன்னு அம்மாவே சொல்லியிருக்காங்கண்ணா" என்றேன். அன்றிலிருந்து நான் விருப்பத்தின் பக்கம்தான்.

மதத்தின் பலம் தெரிந்ததுதான்: தெளிவான கட்டளை, யாரும் பார்க்காத இடத்திலும் ஓர் அச்சம். ஆனால் பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் கேட்கும் கேள்வி அப்படியே நிற்கிறது: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் விரும்புகின்றனவா? முதலாவது சரியென்றால் கொடுமையும் கட்டளையானால் அறம்தான். இரண்டாவது என்றால் நன்மைக்கு வேர் வேறெங்கோ இருக்கிறது.

எனக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்: தப்பாகப் போனால் எப்படித் திருத்துவது? அடிமை முறையை ஒட்டி மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் ஒரே பைபிளைப் படித்து ஒரே கடவுளைத்தான் வேண்டுகிறார்கள் என்று 1865-இல் லிங்கன் சொன்னார். அடிமை முறையை எதிர்த்தவர்களில் பலர் ஆழ்ந்த பக்தர்கள், அதை மறுக்க முடியாது. ஆனாலும் வசனத்தை வைத்து அந்த வழக்கு தீரவில்லை. விலங்கு பூட்டப்பட்டவனிடம் "இது உனக்குச் சம்மதமா?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

விருப்பத்துக்கும் ஓட்டை உண்டு. பிறரை வதைப்பதே ஒருவனின் விருப்பம் என்றால்? அத்தகைய விருப்பங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றார் பொருளியல் அறிஞர் ஹர்சானி. அதைவிடச் சிக்கல் அமர்த்தியா சென் காட்டியது: காலமெல்லாம் ஒடுக்கப்பட்டவர் கிடைப்பதற்கு ஏற்ப ஆசையைச் சுருக்கிக்கொள்கிறார். அவர் "போதும்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வேறு வாழ்க்கையும் தெரிந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று பார்க்க வேண்டும். அதைக் கணிப்பது கஷ்டம், ஆனால் திருத்துவதற்கு வழி இருக்கிறது.

அப்புறம், ஒருவர் விரும்புகிறார் என்பதாலேயே நான் ஏன் மதிக்க வேண்டும்? ஒன்று இப்படி இருக்கிறது என்பதிலிருந்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது தானாக வராது என்பது தத்துவ அறிஞர் ஹியூமின் வாதம். சரி, அந்த ஒரு படியை நிரூபிக்காமல்தான் ஏறுகிறேன். ஆனால் கடவுள் சொன்னால் ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்பதும் அதே படிதானே?

விருப்பத்தைச் சொல்ல முடியாத கைக்குழந்தை, இன்னும் பிறக்காத தலைமுறை விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. அம்மா வாய்விட்டுச் சொல்லியிருந்தார், அண்ணனும் கடைசியில் தலையசைத்தார். அம்மா சொல்லாமலே நினைவிழந்திருந்தால் அண்ணனிடம் எதை எடுத்து வைத்திருப்பேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.