அளக்காமலே விலை சொன்னார்கள், நானும் வாயைத் திறந்தேன்

தஞ்சாவூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பைப், கம்பி, கயிறு, எதைக் கேட்டாலும் டேப் போட்டு அளந்த பிறகுதான் விலை சொல்வேன். அப்படிப்பட்டவன் என் வாய்க்கு மட்டும் அளக்காமலே விலை பேச விட்டேன். கீழ்வரிசை முன்பல் இரண்டு போயிற்று, 22,000 ரூபாயும் போயிற்று. ஈறில் ரத்தம் வருகிறது என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பல் கிளினிக்குக்குக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு ரெண்டு வருஷமாகவே பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. வலி கிடையாது. அதுதான் இந்த நோயின் வஞ்சகம். சொத்தைப் பல் என்றால் ராத்திரி தூங்கவிடாது, உடனே ஓடுவோம். ஈறு நோய் சத்தமே போடாது. நான் ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்த்தேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பிறகுதான் தெரிந்தது. அழுக்கு சேர்ந்திருப்பதால்தான் அங்கே ரத்தம் வருகிறது, அந்த இடத்தையே தொடாமல் விட்டால் இன்னும் சேரும். உப்புத்தண்ணீர் கொப்பளித்தேன், கிராம்புத் தைலம் வைத்தேன். "பக்கத்துல வந்து பேசாதீங்க, வாய் நாறுது" என்று வீட்டில் சொன்னதைக்கூடக் கோபமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் கொய்யாப்பழத்தைக் கடித்தால் பழத்தில் சிவப்பாகப் பல்தடம். கண்ணாடியில் பார்த்தேன். ஈறு கீழே இறங்கி, முன்பல் நீண்டுவிட்ட மாதிரி இருந்தது. நாக்கால் தள்ளினால் ஆடியது.

அந்த வாரம் பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ். இலவசப் பல் பரிசோதனை. அந்தக் கிளினிக்குக்குப் போனேன். கண்ணாடி முகப்பு, ஏசி, உள்ளே மீன்தொட்டி. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பையன் சின்ன கேமராவை வாய்க்குள் விட்டு டிவியில் காட்டினான். என் பல் ஆட்டுக்கல் சைசுக்குத் தெரிந்தது. அடியில் மஞ்சளும் கருப்புமாகக் காரை. அதைப் பார்த்து யாருக்குத்தான் பயம் வராது?

"சார், இப்படியே விட்டா மூணு மாசத்துல மொத்தப் பல்லும் கொட்டிரும். கிருமி நேரா ஹார்ட்டுக்குப் போகும்" என்றான். லேசர் ஈறு பேக்கேஜ், ஆடும் பல்லை எடுத்துவிட்டு இம்பிளான்ட் (எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்), எல்லாம் சேர்த்து 1,10,000. இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. 22,000 கட்டினேன். அரை மணி நேரத்தில் டாக்டர் என்று ஒருவர் வந்தார், ஊசி போட்டார், ரெண்டு பல்லையும் எடுத்துவிட்டார். ஒன்பது வருஷமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வெள்ளைக் கோட்டுப் பையன் டாக்டரே இல்லை, பேக்கேஜ் விற்கிற ஆள் என்று பிறகுதான் தெரிந்தது.

சென்னையில் பல் மருத்துவம் படிக்கிற தம்பி மகளுக்கு அன்று ராத்திரி போன் போட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வியே, "பெரியப்பா, பாக்கெட் எத்தனை மில்லிமீட்டர்னு சொன்னாங்க?" நான் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன், சத்தியமாக.

அவள் சொல்லித்தான் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கே 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். ஓபி சீட்டு போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது, மீன்தொட்டி கிடையாது. ஆனால் அந்த டாக்டரம்மா முதலில் சுகர், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். சில பிரஷர் மாத்திரையே ஈறை வீங்க வைக்குமாம். அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். ப்ரோப் என்று பெயர். ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினார். "மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு..." என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு மாணவி எழுதிக்கொண்டே வந்தாள். என் தொழிலில் நான் செய்வதேதான்! மூன்று வரைக்கும் ஆரோக்கியம். நாலு, அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அதைத்தான் பாக்கெட் என்கிறார்கள். எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

எடுத்த ரெண்டு பல்லைப் பற்றிக் கேட்டேன். முந்தைய எக்ஸ்ரே இல்லாமல் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார். ஆனால் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த மற்ற ரெண்டைக் காட்டி, "இதுல பாதிக்கு மேல எலும்பு இருக்கு, எடுக்க அவசியமில்ல" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வைத்தியம் அப்படி ஒன்றும் மாயமில்லை. மேலே உள்ள காரையை ஸ்கேலிங்கில் எடுத்தார்கள். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி வழவழப்பாக்கினார்கள். நாலு தடவை போய்வந்தேன். சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று ஊரில் சொல்வார்கள். காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று அப்பா கடைசிவரை வேலங்குச்சிதான் வைத்துத் தேய்த்தார். மெத்தென்ற படலம் வரைக்கும் குச்சி போதும், கல்லாக இறுகிய காரையைக் குச்சியும் எடுக்காது, பிரஷ்ஷும் எடுக்காது. கொப்பளிக்கக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து கொடுத்து, ரெண்டு வாரத்தோடு நிறுத்தச் சொன்னார்கள், தொடர்ந்தால் பல்லில் கறை பிடிக்கும். மூன்று மாதச் சராசரி சுகர் (HbA1c) 9.4 இருந்தது. சுகர் குறையாமல் ஈறு ஆறாது, ஈறு ஆறாவிட்டால் சுகரும் சரியாக அடங்காது என்றார்கள். ரெண்டு மாசம் கழித்து மறுபடி அளந்தபோது ஆறு மில்லிமீட்டர் பாக்கெட் நாலாகக் குறைந்திருந்தது. ஆடின பல் ஓரளவு பிடித்துக்கொண்டது. கரைந்த எலும்பு திரும்ப வளராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

பணம் கேட்டு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். என் எக்ஸ்ரேயைக் கேட்டால் "சிஸ்டத்துல இல்ல சார்" என்றார்கள். பில்லில் "பல் சிகிச்சை" என்று ரெண்டே வார்த்தை. காசு கொடுத்துச் செய்துகொண்ட வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 5 லட்சம் வரை கட்டணமில்லாமல் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். போட்டிருக்கிறேன். பல் எடுத்தவர் மேல் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறேன். ஆனால் கையில் ஒரு ஒழுங்கான பில் இல்லாமல் அலைவது எனக்குத்தான் தெரியும். பேக்கேஜ் என்று சொன்னால் எந்தப் பல்லுக்கு என்ன, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மச்சான் சிரித்தார். பீடி குடிக்கிறவர். "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல மாப்ள" என்றார். புகை பிடிக்கிறவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் சுருங்குவதால் ரத்தம் வராமலே நோய் உள்ளே போகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அடுத்த தடவை அவரையும் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனேன். கடைவாயில் பாக்கெட் எட்டு மில்லிமீட்டர். திரும்பி வரும்போது வாயே திறக்கவில்லை. இப்போது பீடிக்கட்டை என் கல்லாவில் கொடுத்து வைத்திருக்கிறார், சாயங்காலம் வந்து ரெண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.