பல தளங்களுக்கு ஒரே ஸ்டைல்ஷீட்: பிஎச்பியா, சாஸா, சிஎஸ்எஸ் மாறிகளா?

ஒரே கோட்பேஸில் (நிரல் தொகுப்பில்) 14 தளங்களை ஓட்டுகிறேன். பக்க அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நிறம், எழுத்துரு, லோகோவின் உயரம் மட்டும் தளத்துக்குத் தளம் மாறும். இவற்றைச் சொல்லும் கோப்புதான் ஸ்டைல்ஷீட்; அது எழுதப்படும் மொழி சிஎஸ்எஸ். இதற்கு மூன்று வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் பிஎச்பி, அதாவது சர்வரில் ஓடும் நிரல்மொழி. கேட்ட டொமைன் எது என்று பார்த்து, அதற்கான நிறங்களைப் போட்டு, சிஎஸ்எஸ்ஸை அந்த நேரத்திலேயே எழுதி அனுப்புவது. அரை மணி நேர வேலைதான், தொல்லை அப்புறம் வரும். பிஎச்பி எதையும் எச்டிஎம்எல் என்றுதான் சொல்லி அனுப்பும். 'டெக்ஸ்ட்/சிஎஸ்எஸ்' என்று ஹெடர் (கோப்போடு போகும் குறிப்பு) கொடுக்க மறந்தால் பிரவுசர் அதை ஸ்டைல்ஷீட்டாக ஏற்காது.

அதைவிடப் பெரிய தலைவலி கேஷ், அதாவது இறங்கிய கோப்பை பிரவுசர் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்துவது. தள அமைப்புகளை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பொதுக் கோப்பை மேலே இன்க்ளூட் செய்திருந்தேன். பிரவுசரின் டெவ்டூல்ஸில் பார்த்தால், காலாவதித் தேதியைச் சொல்லும் எக்ஸ்பயர்ஸ் ஹெடரில் 1981 நவம்பர் 19 என்று நிற்கிறது! அந்தப் பொதுக் கோப்பில் செஷனை (பயனரை நினைவில் வைக்கும் பதிவை) தொடங்கும் வரி இருந்திருக்கிறது. செஷன் தொடங்கினால் பிஎச்பி தானாகவே அந்தப் பழைய தேதியையும், 'சேமிக்காதே' என்ற உத்தரவையும் சேர்த்து அனுப்பிவிடும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்டைல்ஷீட் புதிதாக இறங்கியது. அது வந்து சேரும்வரை பிரவுசர் பக்கத்தை வரையாது. போதாக்குறைக்கு செஷன் கோப்பு பூட்டப்படுவதால், அதே பயனரின் இன்னொரு கோரிக்கை முடியும்வரை சிஎஸ்எஸ் வரிசையில் காத்திருந்தது. மொபைலில் திறந்தவர்களுக்கு வெள்ளைத் திரைதான். செஷனை எடுத்துவிடலாம், ஈடேக் (கோப்பு மாறியதா என்று காட்டும் அடையாளம்) எழுதலாம். ஆனால் சாதாரணக் கோப்பாக இருந்தால் வெப் சர்வர் சும்மா செய்து தரும் வேலை அது.

சாஸ் என்பது முன்கூட்டியே கம்பைல் செய்து சிஎஸ்எஸ்ஸாக மாற்றும் மொழி. அதில் இந்தச் சிக்கல் கிடையாது. தளத்துக்கு ஒரு மாறிக் கோப்பு வைத்து கம்பைல் செய்தால் 14 நிலையான கோப்புகள் கிடைக்கும். மீடியா குவெரியின் (திரை அளவுக்கேற்ப விதியை மாற்றும் பகுதியின்) அகலத்தைக்கூடத் தளவாரியாக மாற்றலாம். பிரவுசரே படித்துப் பொருத்தும் சிஎஸ்எஸ் மாறிகளால் அது முடியாது. ஆனால் இரண்டு வரி திருத்தினாலும் 14 கோப்புகளையும் மறுபடி ஏற்ற வேண்டும். வாடிக்கையாளர் தன் நிறத்தைத் தானே மாற்ற வழியில்லை.

என் ஓட்டு சிஎஸ்எஸ் மாறிகளுக்கு. பொது ஸ்டைல்ஷீட் நிலையான கோப்பு, ஒரு வருடம் கேஷில் இருக்கலாம். பக்கத்தின் தலைப்பகுதியில் மட்டும் சர்வர் பத்து வரி எழுதும்: முதன்மை நிறம், எழுத்துரு, லோகோ உயரம். பக்கமே பிஎச்பியில் உருவாவதால் இதற்குத் தனிச் செலவு இல்லை. குரோம் 2016-லேயே இதை ஏற்றுக்கொண்டது. கடைசிவரை ஏற்காத இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கும் பெரும்பாலான விண்டோஸ் 10 கணினிகளில் 2022 ஜூனோடு ஆதரவு முடிந்துவிட்டது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அட்மின் பக்கத்தில் தட்டிய நிறத்தை அப்படியே எழுதாதீர்கள். ஹேஷ் குறியும் (#) ஆறு ஹெக்ஸ் எழுத்துகளுமா என்று சரிபார்த்த பிறகே எழுதுங்கள். இல்லையென்றால் யாராவது ஸ்டைல் டேகை மூடிவிட்டு ஸ்கிரிப்டை நுழைப்பார்கள்.

வாடிக்கையாளர் பெரிய அளவில் சொந்த சிஎஸ்எஸ் சேர்ப்பார் என்றால் பிஎச்பிக்கு இன்னும் வேலை இருக்கிறது. அப்போதும் அவர் 'சேமி' அழுத்தும்போது ஒரே ஒரு முறை கோப்பாக எழுதி, பெயரில் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீடு) சேர்த்து வைத்துவிடுங்கள்.