பல மதத்து வாடிக்கையாளர்களுக்குப் பண்டிகை வாழ்த்து: கிருஷ்ணகிரி அச்சகம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

கிருஷ்ணகிரி பழைய பேருந்து நிலையத்தை அடுத்துள்ள சிறிய அச்சகம் ஒன்றில், எங்கள் பெயிண்ட் கடையின் வாழ்த்து அட்டைகளையும், கைப்பேசியில் அனுப்பும் வாழ்த்துப் படங்களையும் சில ஆண்டுகளாகச் செய்து வாங்கி வருகிறேன். விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆயினும் அங்கே வேலை நடக்கும் முறை, பல மதத்து வாடிக்கையாளர்களை நம்பித் தொழில் செய்யும் எவருக்கும் பயன்படக்கூடியது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கடைத்தெருவில் நாள்தோறும் காதில் விழும். வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள், எலத்தகிரியின் கத்தோலிக்கர்கள், பழையபேட்டையில் உருது பேசும் குடும்பங்கள், ஓசூரில் கடை வைத்திருக்கும் ஜைனர்கள், அங்கே தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் மலையாளிகள் என எங்கள் கணக்குப் புத்தகத்தில் எல்லாரும் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் வாழ்த்து அனுப்புவது எவ்வளவு நெருக்கமான வேலை என்பதை 2025-ஆம் ஆண்டின் காலண்டரே காட்டும்: மார்ச் 30 உகாதி, மறுநாள் ரமலான் பெருநாள், ஏப்ரல் 10 மகாவீர் ஜயந்தி, ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, ஏப்ரல் 20 ஈஸ்டர். அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி திருவோணமும் மீலாது நபியும் ஒரே நாளில் வந்தன. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று அட்டை அடித்துக் கடமையை முடிப்பவர்களுக்கு இந்தத் தேதிகள் கண்ணில் படுவதே இல்லை.

இந்த அச்சகத்தை நான் மதிக்கும் முதல் காரணம், மாதிரி ஆல்பத்தை எடுத்து வைப்பதற்கு முன்பாகவே அவர்கள் கேட்கும் கேள்விதான். வடிவமைப்பைக் கவனிக்கும் பெண்மணி, "அண்ணா, இது யார் கைக்குப் போகப் போகிறது? அவர்கள் வீட்டில் எந்தப் பண்டிகை கொண்டாடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பெயிண்ட் வியாபாரத்தில் இதற்கு விடை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுக்கு வண்ணம் பூச வருகிறவரிடம் எந்தப் பண்டிகைக்குள் வேலை முடிய வேண்டும் என்று நாங்கள் எப்படியும் கேட்போம். ஒருவர் பொங்கல் என்பார், ஒருவர் நோன்புப் பெருநாள் என்பார், மற்றொருவர் கிறிஸ்துமஸ் என்பார். அந்தப் பதிலைப் பில்லின் மூலையில் குறித்து வைத்தால் போதும் என்று அவர் சொன்னார். வாடிக்கையாளரின் மதத்தைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. பெயரைப் பார்த்து ஊகிக்கவும் தேவையில்லை.

பெயரைப் பார்த்து ஊகிப்பது நம் ஊர்ப்பக்கம் கட்டாயம் ஏமாற்றும். நாகூரில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு நாகூரான் என்று பெயரிட்ட இந்துக் குடும்பங்கள் உண்டு. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு அந்தப் பெயரையே வைத்தவர்கள் உண்டு. தலைமுறைகளாகத் தேவாலயம் செல்லும் வீட்டில் முருகேசன் என்ற பெயரும் இருக்கும். அத்தகைய ஒருவருக்குப் பெயரை மட்டும் நம்பி அனுப்பிய வாழ்த்து, "இவர்களுக்கு நம்மைத் தெரியாது" என்பதைத்தான் அவருக்குத் தெரிவிக்கும்.

ரமலான் அட்டையில் அவர்கள் காட்டும் அக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோன்பு மாதம் தொடங்கும்போது சொல்லும் வாழ்த்தும், மாதம் முடிந்து பெருநாளன்று சொல்லும் வாழ்த்தும் வெவ்வேறு என்பதை மனத்தில் கொண்டு இரண்டு வடிவங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். பக்ரீத்துக்குத் தியாகத் திருநாள் என்று குறிப்பிடும் மூன்றாவது வடிவமும் உண்டு. பிறை தெரிந்த பிறகுதான் பெருநாள் உறுதியாகும் என்பதால் அட்டையில் தேதியை அச்சிடுவதில்லை. அட்டையை நோன்பின் கடைசி வாரத்தில் கைக்குப் போய்ச் சேரும்படி அனுப்பிவிட்டு, கைப்பேசிப் படத்தை மட்டும் தலைமை காஜியின் அறிவிப்பு வந்த அன்று இரவு அனுப்பச் சொல்கிறார்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களே கொண்டது என்பதால் பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னதாக வரும். சென்ற ஆண்டுத் தேதியை நம்பி வேலை கொடுக்க வருகிறவர்களை அவர்களே எச்சரித்து அனுப்புவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

உருது எழுத்தில் அச்சிடுவது இதைவிடக் கடினமானது. உருதுவுக்கு வழங்கும் நஸ்தலீக் என்ற எழுத்து முறையில் எழுத்துகள் ஒன்றோடொன்று பிணைந்து வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கும். அதற்கென அமைந்த மென்பொருள் இல்லாமல் பழைய பக்க அமைப்பு மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாகி, படிக்கவே முடியாத கோடுகளாகிவிடும். அப்படி அச்சான அட்டைகளை வேறு இடங்களிலிருந்து வந்தவையாக நான் பார்த்திருக்கிறேன். அவை ஒரு மொழியை அலங்காரமாக மட்டும் பயன்படுத்தியதற்குச் சாட்சிகள். இங்கே உருது வரியைத் தனியாகத் தயார் செய்து, ஓய்வு பெற்ற உருது ஆசிரியர் ஒருவரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுக்கிறார்கள். அந்தப் பெரியவர் மேசை விளக்கின் கீழே தாளை வைத்து, பேனா முனையை ஒவ்வொரு புள்ளியின் மீதும் நிறுத்தி நகர்த்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்; புள்ளிகளின் எண்ணிக்கையோ இடமோ மாறினால் எழுத்தே மாறிவிடும் என்பதால் அவருக்கு அவசரம் என்பதே இல்லை. குர்ஆன் வசனத்தை அட்டையில் போடலாமா என்று நான் கேட்டபோது, வசனம் அச்சிட்ட தாளைக் குப்பையில் போட அந்தக் குடும்பங்களுக்கு மனம் வராது, வாங்கியவருக்கு அது ஒரு சுமையாகிவிடும் என்று அவரே வேண்டாமென்றார். சாமி படம் போட்ட பழைய காலண்டரைத் தூக்கி எறிய முடியாமல் கோவில் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களை அறிந்த எனக்கு அந்த விளக்கம் உடனே பிடிபட்டது.

கிறிஸ்துமஸ் அட்டையில் மாதா படம் எலத்தகிரிக்கு மிகப் பொருத்தம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புராட்டஸ்டண்ட் பிரிவான லுத்தரன் மிஷன் வந்து சேர்ந்த ஊர் கிருஷ்ணகிரி. அந்தச் சபையினருக்கும் பெந்தெகொஸ்தே சபையினருக்கும் அது பொருந்தாது. யார் எந்தச் சபை என்று தெரியாத இடத்தில் நட்சத்திரமும் ஒரு வேத வசனமும் போதும் என்பது அச்சகத்தின் யோசனை. ஜைன வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளி மகாவீரர் முக்தி அடைந்த நாளும் ஆகும் என்பதால் பட்டாசுப் படமில்லாமல் விளக்கு மட்டும் உள்ள அட்டையைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.

ஆல்பத்தில் குறையும் இருந்தது. புனித வெள்ளிக்கு மலர்க்கொத்தோடு ஒரு வாழ்த்து அட்டையும், மொஹரத்துக்கு வண்ண விளக்குகளோடு ஒன்றும் இருந்தன. புனித வெள்ளி இயேசு சிலுவையில் மரித்ததை நினைந்து உபவாசம் இருக்கும் நாள். மொஹரம் பத்தாம் நாள் ஷியா முஸ்லிம்களுக்குத் துக்க நாள். இந்த நாட்களில் வியாபாரி சும்மா இருப்பதே மரியாதை என்று நான் சொன்னபோது மறுபேச்சின்றி அந்த இரண்டு பக்கங்களையும் எடுத்துவிட்டார்கள். ஈஸ்டருக்கு மட்டும் புதிய அட்டை சேர்த்தார்கள்.

எந்தப் பண்டிகையையும் பெயர் சொல்லாத பொதுவான 'பண்டிகைக் கால வாழ்த்து' அட்டையும் அவர்களிடம் உண்டு. ஓசூர் சிப்காட்டில் பல மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் நிறுவனத்துக்கு ஆண்டு முடிவில் அனுப்ப அது உதவும். ஆனால் தனி மனிதருக்கு அதை அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. முகம் தெரிந்த ஒருவருக்கு முகவரியில்லாத வாழ்த்தை அனுப்புவதற்குப் பதிலாக, மத வேறுபாடின்றிப் பலரும் ஏற்கும் பொங்கலுக்கோ ஆங்கிலப் புத்தாண்டுக்கோ அனுப்புவது மேல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீபாவளி வாழ்த்து வந்ததற்காக எந்த முஸ்லிம் வாடிக்கையாளரும் எங்களிடம் வருத்தப்பட்டதில்லை. அன்று பலகாரம் பகிர்ந்துகொள்வது நம் ஊர் வழக்கம்தான். தீபாவளிக்குத் தவறாமல் வாழ்த்திவிட்டு அவருடைய பெருநாளன்று வாய் திறக்காமல் இருப்பதுதான் மனத்தில் தங்கும்.

இந்த அச்சகத்தின் உண்மையான பலம் பெயர்களில் இருக்கிறது. ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அட்டையிலும் வெவ்வேறு பெயரை டிஜிட்டல் முறையில் அச்சிட்டுத் தருகிறார்கள். அச்சுக்குப் போகும் அன்று காலைவரை பெயரைச் சேர்க்கலாம், நீக்கலாம். துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு தீபாவளியோ பொங்கலோ கொண்டாட மாட்டார்கள். அந்த வீட்டுக்கு 'மகிழ்ச்சி பொங்கட்டும்' என்று அட்டை போவது எவ்வளவு வலிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனவே கடைசி நாளில் எங்கள் கடைப் பையன்களோடும் பெயிண்டர்களோடும் உட்கார்ந்து பட்டியலைப் படித்து, அத்தகைய பெயர்களை அடித்துவிட்டுத்தான் கொடுக்கிறோம்.

பட்டியலில் மதம் என்று ஒரு பத்தி இருக்கக் கூடாது, பண்டிகையின் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று முதல் முறையே அவர்கள் சொன்னார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை என் கண்முன்னே அழித்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, யார் எந்தப் பண்டிகை கொண்டாடுகிறார்கள் என்ற பட்டியல் நம்மிடம் நம்பிக்கையின் பேரில் இருக்கிறது; அது வெளியே போவதற்கு நாம் காரணமாக இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கைப்பேசிப் படங்களை, ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் பட்டியல் வழியே அனுப்புவோர் இரண்டு விவரங்களை அறிந்திருப்பது நல்லது. ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பண்டிகைவாரியாகத் தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொண்டால் வேலையும் எளிது, தவறான படம் போவதும் குறையும்.

விலை, நான் சேலத்தில் விசாரித்ததைவிடச் சற்றுக் கூடுதல்தான். தெலுங்கு, கன்னட மெய்ப்புகள் ஓசூருக்குப் போய்த் திரும்புவதால் தாமதமாகின்றன. உகாதி அட்டை ஒரு முறை முந்தின நாள் மாலையில்தான் கைக்கு வந்தது, கையோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. உறைகளின் பசை மோசம். ஒட்டிய பிறகும் பிரிந்துகொள்கிறது. இவற்றைச் சொல்லியும் இன்னும் முழுதாகச் சரி செய்யவில்லை. எனினும் உள்ளடக்கத்தில் இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்ளும் வேறோர் அச்சகத்தை இந்த மாவட்டத்தில் நான் கண்டதில்லை என்பதால் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

போக விரும்புகிறவர்கள் காலத்தைப் பார்த்துப் போக வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அவை இங்கே வந்து சேர்ந்ததும் சாமி படம், மக்கா மதீனா படம், வேத வசனம், இயற்கைக் காட்சி என்று வகைக்கு எத்தனை வேண்டும் என்பதை ஆவணியிலேயே சொல்லிவிடலாம். வாழ்த்து அட்டைக்குப் புரட்டாசி மாதமே சிறந்தது. அந்த மாதம் கல்யாணங்கள் இல்லாததால் பத்திரிகை வேலை குறைவு, உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்கும். ஐப்பசியில் முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்த பிறகு போனால் மெய்ப்புத் திருத்தத்துக்கே வரிசையில் நிற்க வேண்டிவரும்.