கொரியர்களின் ஆங்கிலம்: பட்டியலா, ஷேடோயிங்கா, தொலைபேசி வகுப்பா?

இலக்கணம் துளியும் பிசகாமல் ஒரு கொரியர் 'ஐ ஹேவ் எ ப்ராமிஸ்' என்பார். அவர் சொல்ல வந்தது 'ஐ ஹேவ் ப்ளான்ஸ்'. கொரிய மொழியில் 'யக்சொக்' என்ற ஒரே சொல்தான் வாக்குறுதிக்கும், பேசி வைத்த சந்திப்புக்கும். எந்தப் பயிற்சியானாலும் இந்த வகைப் பிழையைப் பிடிக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கொரியனும் ஆங்கிலமும் பக்கம் பக்கமாக அச்சிட்ட பட்டியலை மனப்பாடம் செய்வதில் வேகம் உண்டு, தொனி கிடையாது. 'செய்வது நல்லது' என்ற பொருளோடு 'யூ ஹேட் பெட்டர்' படித்தவர் மேலாளரிடம் அதைச் சொன்னால் மிரட்டல் போல ஒலிக்கும். 'ஐ ஷாப்பிங்' (கண்ணால் மட்டும் கடை பார்ப்பது; ஆங்கிலத்தில் 'விண்டோ ஷாப்பிங்'), 'ஹேண்ட்போன்' (கைபேசி) போன்ற கொங்க்லிஷ் சொற்களை, அதாவது கொரியர்கள் தாமாக உருவாக்கிய ஆங்கிலச் சொற்களை, களைய மட்டும் பட்டியல் போதும். உற்சாகமூட்டக் கொரியர்கள் சொல்லும் 'ஃபைட்டிங்' 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது. ஆனாலும் கொரியப் பழக்கம் அறியாதவர் காதில் அது சண்டைதான்.

ஒலிப்பதிவைக் கேட்டபடியே நிழல்போலத் தொடர்ந்து பேசும் ஷேடோயிங்கில் சொற்றொடர், யார் யாரிடம் எந்தக் குரலில் சொல்கிறார் என்பதோடு சேர்ந்தே மனதில் பதிகிறது. 20 முதல் 30 விநாடித் துண்டு போதும். முதலில் வசன எழுத்தில்லாமல் கேட்க வேண்டும். அடுத்து எழுத்தைப் பார்த்தபடி. பிறகு ஓரிரு சொல் பின்தங்கிக் கூடவே பேச வேண்டும். கடைசியில் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பலர் தடுமாறுவது அசைகளில். 'ஸ்ட்ரைக்' ஆங்கிலத்தில் ஓரசை, கொரிய வாயில் 'ஸு-டு-ரா-இ-கு' என ஐந்தசை. இப்படி நீண்டால் மூலத்தோடு ஓட முடியாது. அந்தச் சொல்லைத் தனியே எடுத்து, கூடுதல் உயிரொலியை நீக்கிப் பழகிய பின்பே வாக்கியத்துக்குத் திரும்ப வேண்டும்.

10, 20 நிமிடத் தொலைபேசி வகுப்பு கூச்சத்தைப் போக்கும். ஆனால் பொருள் புரிந்துவிட்டால் ஆசிரியர் பெரும்பாலும் திருத்தாமல் கடந்துவிடுவார். 'டேக் மெடிசின்' என்பதற்குப் பதிலாகச் சொல்லும் 'ஈட் மெடிசின்' அப்படித்தான் தப்பிக்கிறது. (மாத்திரை 'சாப்பிடும்' தமிழருக்கும் இதே சறுக்கல் உண்டு.) ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் மூன்று வாக்கியங்களைத் திருத்தி எழுதித் தரும்படி முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

சொந்த வாக்கியத்தைச் சரிபார்க்க கோக்கா (COCA) தரவகம், அதாவது நிஜப் பயன்பாட்டு வரிகளைத் தேடிப் பார்க்கும் தொகுப்பு, இருக்கிறது: 1990 முதல் 2019 வரையிலான அமெரிக்க ஆங்கிலம், 100 கோடிச் சொற்களுக்கு மேல். எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது; 'ப்ராமிஸ்' வேறு பொருளில் வந்திருக்கும், வரிகளையும் படிக்க வேண்டும்.

பேச்சுக்கு எங்கள் தேர்வு ஷேடோயிங்: தினமும் 15 நிமிடம். மின்னஞ்சலே வேலை என்பவருக்குக் கோக்கா முதலில். வகுப்பு வாரம் ஒன்று போதும். அந்த வாரம் பழகிய தொடர்களை அதில் பேசிப் பார்க்கலாம்.