இத்திஷ் தட்டச்சு: ஹீப்ரு விசைப்பலகையா, ஒலிப்பு முறையா?

ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் ஹீப்ரு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்படுகிறது. ஆகவே விண்டோஸில் இருக்கும் ஹீப்ரு விசைப்பலகையே போதும் என்று பலர் அதையே சேர்த்துக்கொள்கிறார்கள். ஹீப்ரு தட்டிப் பழகியவருக்கு அது சரி. புதியவருக்கோ அலெஃப் என்ற எழுத்து ஆங்கில T விசையிலும் ஷின் என்ற எழுத்து A விசையிலும் இருப்பது தலைவலி.

அதைவிடப் பெரிய சிக்கல் குறிகள். யீவோ என்ற இத்திஷ் ஆய்வு நிறுவனம் வகுத்த எழுத்துமுறையில் அலெஃபின் கீழ் பாசெக் போட்டால் 'அ', கோமெட்ஸ் போட்டால் 'ஒ'. இவை ஏறக்குறைய எல்லா வரியிலும் வரும். ஹீப்ரு பலகையில் ஒவ்வொரு முறையும் வலது ஆல்ட்டை அழுத்திக் குறியைத் தனியே சேர்க்க வேண்டும்.

கீமேன் என்ற இலவச மென்பொருளில் கிடைக்கும் இத்திஷ் பலகை ஒலிப்பு முறையில் அமைந்தது. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழ் தட்டும் நம் அஞ்சல் முறைபோல. தனியாக நிறுவ வேண்டும், அவ்வளவுதான்.

எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள்: வாவ் என்ற எழுத்து இரண்டு சேர்ந்த இரட்டை வாவ் யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் உண்டு, இரண்டு வாவ்களாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடலில்தான் சிக்கல்: ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம்.

குறிகளை அவ்வளவாகப் போடாத ஹசிதிய (ஆசாரமான ஒரு யூதப் பிரிவு) நடையில் எழுதுபவருக்கு ஹீப்ரு பலகை போதும். யீவோ முறை என்றால் நான் கீமேன் பக்கம்தான்.