பழைய ஆம்னிக்குப் பேரிங், கமான் வேலை: வீட்டு வாசலிலா, பட்டறையிலா?

மாருதி ஆம்னியின் தயாரிப்பு 2019-இல் நின்றுபோனது. அதனால் இன்று ஓடும் எந்த ஆம்னியும் புது வண்டி இல்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்குப் பூவும் காய்கறியும் ஏற்றி வருகிறவர்களுக்குக் கமானும் (பின்பக்கம் பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங்) சக்கர பேரிங்கும் வைக்கிற செலவு நன்றாகத் தெரியும். நாமே செய்வதா, பட்டறையில் விடுவதா? பாகத்துக்குப் பாகம் பதில் மாறும்.

எது போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேகம் கூடக் கூட இரைச்சல் ஏறி, வலப்பக்கம் திரும்பும்போது இன்னும் கூடினால், எடை சாய்கிற இடப்பக்கச் சக்கரத்தின் பேரிங் மேல்தான் சந்தேகம். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயரைப் பாருங்கள்.

முன் சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாம். ஆம்னிக்கு இன்ஜின் இழுவை பின் சக்கரத்தில் என்பதால் முன்பக்கம் ஆக்ஸில் ஷாஃப்ட் குறுக்கே வராது. ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடம்) புது பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்ட வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு விழும். மாட்டிய அன்றே பேரிங் கெட்டுவிடும்.

பின் பேரிங் வேறு கதை. ஆக்ஸில் ஷாஃப்டை உருவி எடுப்பது வரை நம்மால் முடியும். ஆனால் பேரிங்கும் அதைப் பிடித்திருக்கும் வளையமும் ஷாஃப்டில் இறுக்கமாக ஏறியிருக்கும், சுத்தியலுக்கு மசியாது. ஷாஃப்டைக் கையில் எடுத்துக்கொண்டு புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் பிரஸ் (அழுத்தும் மெஷின்) வைத்திருக்கும் லேத் பட்டறைக்குப் போங்கள். கழற்றுவது நாம், அழுத்துவது அவர்கள். முழு வேலையையும் மெக்கானிக்கிடம் விடுவதைவிட இந்தப் பாதிப் பாதிதான் எனக்குப் பிடித்த வழி. வளையத்தையும் ஆயில் சீலையும் புதிதாகவே போடுங்கள். பழைய சீலில் கசிகிற ஆயில் நேராக பிரேக் லைனிங்கில் இறங்கும்.

கமான் புஷ்ஷில் (கமான் முனையில் இருக்கும் ரப்பர் உறை) வீட்டு வேலையே மேல், ஏனென்றால் அது பொறுமை கேட்கும் வேலை. நட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். அவசரத்தில் இருக்கிற பட்டறையில் இதற்கு நேரம் இருக்காது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். பட்டையே உட்கார்ந்துவிட்டதா? பாரம் ஏற்றும் வண்டிக்குப் புது செட்தான். அடித்து வளைத்த பழைய பட்டை மறுபடி படுத்துவிடும்.

பின் ஷாக் அப்சார்பர் சுலபம், ஜோடியாக மாற்றிவிடுங்கள். முன் ஸ்ட்ரட்டை (சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) மட்டும் பட்டறையில் விடுங்கள் என்பேன். அமுக்கி வைத்த சுருள் நழுவினால் முகத்துக்கு வரும். எப்படியும் அதற்கப்புறம் அலைன்மென்ட் பார்க்கப் போக வேண்டியிருக்கும், அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.