யமஹா, டெய்லர், மார்ட்டின்: பழைய அகூஸ்டிக் கிட்டாரில் எது விலை தாங்கும்?

அகூஸ்டிக் கிட்டாரில் ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு ஏறக்குறைய 70 கிலோ. ஆண்டுக்கணக்கில் அந்த இழுப்பைத் தாங்கும்போது நெக், அதாவது கழுத்து, மெல்ல முன்னால் சாயும், பிரிட்ஜுக்கு (கம்பிகளை உடலோடு பிணைக்கும் கட்டை) பின்னால் மேல்பலகை புடைக்கும், கம்பி ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விட்டு உயர்ந்துகொண்டே போகும். எந்த பிராண்டாக இருந்தாலும் பெரும்பாலும் ஒருநாள் இது வரும். அன்றைக்கு நெக்கைச் சரிசெய்யும் கூலி கிட்டாரின் விலையில் சிறு பங்குதான் என்றால் அதை வாங்க ஆள் இருப்பார்கள். கூலி விலையைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. மறுவிற்பனை மதிப்பை நான் இந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

முதலில் யமஹா. எஃப்310 நம்மூரில் கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்களின் கிட்டார். மேல்பலகை, பக்கம், முதுகு எல்லாமே லேமினேட், அதாவது அடுக்கி ஒட்டிய பலகை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றை நன்றாகவே தாங்கும், சட்டென்று வெடிக்காது. விற்பதும் சுலபம், பெயர் எல்லாருக்கும் தெரியும், கோடை விடுமுறை வந்தால் பெற்றோர் தேடி வருவார்கள். ஆனால் கம்பி உயர்ந்துவிட்டால் பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறி நிற்கும் சேடிலைத் தேய்த்துக் கொஞ்சம் தாழ்த்தலாம், அவ்வளவுதான். அதற்காக நெக்கைக் கழற்றி மாட்ட யாரும் செலவழிக்க மாட்டார்கள். 2016-இல் வந்த எஃப்ஜி800-க்கு மேல்பலகை ஒரே மரம், சாலிட் ஸ்ப்ரூஸ். ஒலி வித்தியாசம் காதுக்கே தெரியும், விலையும் சற்றுக் கூடுதலாக நிற்கும். இரண்டிலும் இழக்கப்போவது ரூபாயில் சிறிய தொகைதான் என்பதால் ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

உண்மையான போட்டி டெய்லருக்கும் மார்ட்டினுக்கும்தான்.

பழுது பார்க்கும் வசதியை மட்டும் பார்த்தால் டெய்லர் ஜெயிக்க வேண்டும். 1999-இல் அவர்கள் கொண்டுவந்த நெக் அமைப்பில் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் மெல்லிய ஆப்பை மாற்றினால் கோணம் சரியாகிவிடும். மார்ட்டினின் டி-28 மாடலின் நெக்கோ பசை போட்டு இறுக்கிய மரப்பூட்டு. நீராவி ஏற்றிப் பசையை இளக்கி, நெக்கை உருவி, அடிப்பகுதியைச் சீவி, மறுபடி ஒட்ட வேண்டும். கை பழகியவர் மட்டுமே தொட வேண்டிய வேலை.

அப்படியிருந்தும் செகண்ட் ஹேண்டில் டி-28-தான் அழுத்தமாக நிற்கிறது. அந்தப் பெயர் 1930-களிலிருந்து இருக்கிறது. வாங்குபவருக்கு மனதில் ஒரு உருவம், ஒரு ஒலி ஏற்கெனவே உண்டு. 2017-இல் மார்ட்டின் அதில் மாற்றம் செய்தபோதுகூடப் பழைய தோற்றத்தை நோக்கித்தான் போனார்கள். டெய்லர் மாடல்களைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்கள். 2018-இல் மேல்பலகைக்கு அடியில் வி-கிளாஸ் என்ற புது வகை உள்தாங்கிகள் வந்ததும், அதற்கு முந்தையவை ஒலியில் எந்தக் குறையும் இல்லாமலே 'பழைய மாடல்' ஆகிவிட்டன. இது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் அவற்றில் அருமையான கிட்டார்கள் இருக்கின்றன. வாங்குபவருக்கு அது லாபம். இன்னொன்று, ஒலியை மின்சிக்னலாக்கும் பிக்கப் பொருத்திய கிட்டாரில் மரத்துக்கு முன்னால் மின்பாகங்கள் வயதாகும். விற்கும்போது அதையும் பேரத்தில் பிடிப்பார்கள்.

மார்ட்டினிலும் பழசு எல்லாம் பொன் இல்லை. 1969 வரை டி-28-இன் முதுகுக்கும் பக்கத்துக்கும் பிரேசில் ரோஸ்வுட். அதன்பின் வந்தது இந்திய ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி மரம். பிரேசில் ரோஸ்வுட் பக்கம் இருப்பதன் விலை பல மடங்கு. 1992-லிருந்து பிரேசில் ரோஸ்வுட் மீது சர்வதேச வணிகத் தடை இருப்பதால், உரிய ஆவணம் இல்லாமல் அதை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்கவும் முடியாது. 1970-களின் கிட்டார்களில் நெக் வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறதா என்று கேட்காமல் விலை பேசக் கூடாது. நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சாவி போட்டுத் திருத்த உதவும் உலோகத் தண்டு மார்ட்டினில் 1985-இல்தான் வந்தது. ஒலித்துளை வழியாகப் பார்த்தால் உள்ளே கட்டையில் வரிசை எண் தெரியும். 1898-லிருந்து அது தொடர் எண், ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தியாவில் விற்பவர்கள், "வாங்கின விலைக்கே கொடுத்தேன்" என்று சொல்வதைக் கேட்கலாம். 2010-இல் 45 ரூபாய் அளவில் இருந்த டாலர் இப்போது 80-ஐத் தாண்டிவிட்டது. புதியதின் விலை ஏறியதால் பழையதும் கூடவே ஏறியது. அது கிட்டாரின் பெருமை இல்லை, ரூபாயின் சரிவு. மார்ட்டினின் வாழ்நாள் உத்தரவாதமும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். முதல் கை மாறும்போது விலை இறங்க அதுவும் ஒரு காரணம். அதனால் நான் 1985-க்குப் பிந்தைய, இரண்டாம் கை டி-28-க்குத்தான் பணம் போடுவேன்.

வாங்கப் போகும்போது ஒரு நீளமான நேர்கோலைக் கொண்டுபோங்கள். ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து நீட்டினால் அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். விளிம்புக்குக் கீழே போய் முட்டினால் நெக் சாய்ந்துவிட்டது. சேடில் வெளியே எவ்வளவு தெரிகிறது என்றும் பாருங்கள். ஏற்கெனவே தேய்ந்து பிரிட்ஜோடு மட்டமாக இருந்தால், நெக் வேலைக்கான கூலியை அப்படியே விலையில் கழித்துக் கேளுங்கள்.